ராகித் தவிட்டில் வெனிலா: புது நொதி வினையைக் கணினியில் தேடும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகி மாவைச் சலித்தால் சல்லடையில் செம்பழுப்பாய்த் தவிடு மிஞ்சும், மாட்டுக்குப் போடுவோம். அந்தத் தோலில் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. அதைச் சில பாக்டீரியாக்கள் நொதிகளால் இரண்டே படியில் வெனிலின் (வெனிலா மணம் தரும் பொருள்) ஆக்கும்: முதலில் கோஎன்சைம் ஏ (கோஏ) என்ற துணை மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பக்கச் சங்கிலியில் இரண்டு கார்பன் கழன்று அசிட்டைல் கோஏவாகப் போகும். புது வினை தேடப் பழக இந்தத் தெரிந்த பாதையிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரு நொதி தன் மூலக்கூறைப் போலவே இருக்கும் வேறு மூலக்கூறுகளையும் பல நேரம் பிடித்துக்கொள்ளும். புது வினையைக் கணிப்பது முழுக்க நிற்பது இதன் மேல்தான். நொதிகளை வகைப்படுத்தும் ஈசி எண்ணில் புள்ளி வைத்த நான்கு பகுதிகள் உண்டு; முதல் மூன்றும் வினையின் வகையைச் சொல்லும்; நான்காவதை விட்டுவிட்டால் பொது விதி கிடைக்கும், அதாவது மூலக்கூறின் எந்தப் பகுதி எப்படி மாறும் என்று கணினிக்குச் சொல்லும் வார்ப்பு. ரெட்ரோரூல்ஸ் என்ற தரவுத்தளத்தில் விதிகள் தயாராகவே உள்ளன, பைத்தானில் ஆர்டிகிட் என்ற வேதியியல் மென்பொருள் நூலகத்தை வைத்து ஓட்டலாம்.

சிக்கல் எங்கே என்றால், உடையும் இடத்தைச் சுற்றி எத்தனை அணு வரை விதி பார்க்க வேண்டும் என்பதில்தான். ஃபெருலிக் அமிலத்தின் வினைகளை மறைத்துவிட்டு, அதைப் போன்றே இருக்கும் பாரா-கூமாரிக் அமிலத்தின் விதியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம், ஃபெருலிக் அமிலத்தின் வளையத்தில் கூடுதலாக உள்ள ஒரு மெத்தாக்ஸி (ஆக்ஸிஜனும் மெத்தில் தொகுதியும் சேர்ந்தது). வளையத்தை ஒட்டி உடையும் கார்பனிலிருந்து எண்ணினால் அதன் ஆக்ஸிஜன் நான்காவது அணு. இரண்டு அணு வரை பார்க்கும் விதி வெனிலினைக் கண்டுபிடித்துவிடும், நான்கு வரை பார்ப்பது கைவிரித்துவிடும். தெரிந்ததையே பிடிக்காத அமைப்பு புதிதாக எதைச் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

விதியை ரொம்பத் தளர்த்தினாலும் ஆபத்து, பாதைகள் குவிந்துவிடும். 1,4-பியூட்டேன்டையால் என்ற தொழில்துறை வேதிப்பொருளுக்குத் தேடியவர்களுக்கு 10,000-க்கும் மேல் பாதைகள் வந்தன. சலித்து எடுத்த பாதையை ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் வைத்து லிட்டருக்கு 18 கிராம் வரை எடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். நீங்களும் சலியுங்கள்: வினைகளின் ஆற்றலைக் கணக்கிடும் ஈகுவிலிபிரேட்டர் என்ற கருவியில் பார்த்து, மேட்டில் ஏறுவது போல ஆற்றல் தேவைப்படும் படிகளைத் தள்ளுங்கள், படிகள் குறைவானதை முன்னே வையுங்கள். மிஞ்சும் ஒவ்வொரு வினைக்கும், மிக நெருங்கிய மூலக்கூறில் வேலை செய்வதாக நிரூபணமான நொதியின் அமினோ அமில வரிசையை யூனிபுராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் எடுங்கள்.

கடைசியாக, அதே விதிகளை வெனிலின் மேலும் ஓட்டுங்கள். ஈ.கோலையின் சொந்த நொதிகளே அதை வெனிலில் ஆல்கஹாலாக மாற்றிவிடும். எந்த மரபணுக்களை நீக்குவது என்று டியூபைத் தொடும் முன்பே முடிவு செய்துவிடலாம்.