கார் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பது ஏன்? நீங்களே கண்டறியும் முறை

கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் பெரும்பாலானோர் ஷாக் அப்சார்பரையே முதலில் குறை கூறுகிறார்கள். ஆனால் வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

மழைநீர் வடிவதற்காகத் தெருவின் ஓரங்கள் சரிவாக இருக்கும் என்பதால், வீட்டு வாசலில் எடுக்கும் அளவை நம்ப முடியாது. பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் இடம் சமதளமாக இருந்தால், டிக்கியைக் காலி செய்துகொண்டு சென்று, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி நான்கு டயர்களிலும் காற்று நிரப்பிவிட்டு, அங்கேயே அளக்கலாம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, வண்டியைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துங்கள். உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

அடுத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை டேப்பால் அளந்து, நான்கு மூலைகளின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலந்துவிடும். இடப் பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் சில மில்லிமீட்டர் வேறுபாடு இயல்பானது. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆராய வேண்டும். இந்த அளவுகள் சமமாக இருந்தும் வண்டி சாய்ந்திருந்தால், குறை டயரிலோ தரையிலோ இருக்கிறது.

தாழ்ந்திருக்கும் மூலையில்தான் குறை இருக்கும் என்று உடனே முடிவு செய்யாதீர்கள். முன்பக்க ஸ்பிரிங் ஒன்று தளர்ந்தால் அதே பக்கத்தின் பின்புறமும் சற்றுத் தாழும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கையேடு காட்டும் முன்பக்க நடு இடத்தில் மெக்கானிக் ஜாக்கியால் தூக்கும்போது பின்புறம் சமமாகிவிட்டால், குறை முன்புறத்தில் இருக்கிறது. அப்போதும் சாய்வு நீடித்தால் பின்புறத்தில் தேட வேண்டும்.

பிறகு டார்ச் அடித்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரை, புதுச்சேரி கடற்கரைச் சாலை போன்ற இடங்களுக்கு அருகில் நாள்தோறும் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கிறது. ஈரமும் மண்ணும் தங்கும் அடிச்சுற்றில்தான் ஸ்பிரிங் பெரும்பாலும் முறிகிறது. முறிந்த துண்டு, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்திற்குள்ளேயே கிடப்பதால் எளிதில் கண்ணில் படாது. எனவே இரு பக்கங்களிலும் சுற்றுகளை எண்ணி, முனைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்புறத்தில் ‘டக்’ என்ற ஒலி எழுந்தால், முறிந்த ஸ்பிரிங்கையோ தேய்ந்த ஸ்ட்ரட் மவுண்ட்டையோ (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதியின் மேல்முனையை வண்டியுடன் இணைக்கும் பாகம்) சந்தேகிக்கலாம். ஸ்பிரிங் நன்றாக இருந்தால், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையும், பழைய விபத்தில் வளைந்த பாகம் ஏதேனும் உண்டா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அழுத்தப்பட்ட ஸ்பிரிங் விடுபட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், அதைக் கழற்றும் வேலையை நீங்கள் செய்யவே கூடாது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியிலும் செல்லக் கூடாது. ஸ்பிரிங்கை மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். புதியதும் பழையதும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. வேலை முடிந்து சில கிலோமீட்டர் ஓட்டிய பின், அதே சமதளத்தில் நான்கு மூலைகளையும் மீண்டும் அளந்து, பழைய குறிப்புடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.