3 நாளில் 5 பஞ்சர், முள் ஒன்றுகூட இல்லை

நிதி திரட்டுவதற்கான நீண்டதூரக் குழு சைக்கிள் பயணம். என் பின் சக்கரம் மட்டும் 3 நாளில் 5 முறை பஞ்சர். என்னால் மொத்தக் கூட்டமும் சாலையோரத்தில் நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது.

முதலில் முள் என்று நினைத்தேன். டயரின் உட்புறம் முழுக்கப் பஞ்சை ஓட்டிப் பார்த்தேன் (கம்பித் துணுக்கு இருந்தால் பஞ்சு சிக்கும், விரலும் தப்பும்). ஒன்றும் சிக்கவில்லை. புது டியூப் போட்டேன். அப்புறம் உதவி வண்டியிலிருந்து வேறு டயரே வாங்கி மாட்டினேன். காற்றைக் குறைத்தும் பார்த்தேன். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ரிம் டியூப்பைக் கடித்து, பாம்புக்கடி மாதிரி இரட்டை ஓட்டை. அது நானே இழுத்துவிட்டுக்கொண்டது.

மூன்றாம் நாள் மதியம் பழைய டியூப்களை வால்வுக்கு வால்வு சேர்த்து அடுக்கியபோதுதான் கண்ணில் பட்டது. அந்த இரட்டை ஓட்டையைத் தவிர மற்ற எல்லாமே வால்விலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில். அதுவும் டயர் பக்கம் இல்லை, ரிம் பக்கம். முள் அங்கே எப்படிக் குத்தும்?

ரிம்மில் அந்த இடத்தைத் தடவினேன். ரிம் டேப் (ரிம்மின் ஸ்போக் துளைகளை மூடி டியூப்பைக் காக்கும் பட்டை) ஒரு நூல் அளவு விலகி, ஸ்போக் துளையின் விளிம்பு நகத்தில் தட்டியது. காற்று ஏறியதும் டியூப் அதற்குள் பிதுங்கி அறுபட்டிருக்கிறது.

பழைய டேப்பை உரித்து, பிசினைத் துடைத்து, இன்சுலேஷன் டேப்பை இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று ஒட்டினேன். மீதி 80 கிலோமீட்டரும் காற்று இறங்கவில்லை. இன்சுலேஷன் டேப் சூட்டில் நகரும் என்பதால், வீடு வந்ததும் ரிம்மின் அகலத்துக்குச் சரியான டேப் போட்டுவிட்டேன்.