விலாந்த்ரி தோட்டம்: கோடையில் பார்க்கவும் படமெடுக்கவும்

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில், தூர் நகருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் விலாந்த்ரி மாளிகை இருக்கிறது. 1906-ல் அதை வாங்கிய ஜோவாக்கிம் கார்வாலோ, அங்கிருந்த ஆங்கிலப் பாணிப் பூங்காவை அகற்றிவிட்டு மறுமலர்ச்சிக் காலத்துத் தோட்டத்தைத் திரும்ப அமைத்தார். மேலிருந்து பார்ப்பதற்கென்றே போட்ட தோட்டம் இது. பாதையில் நின்றால் முழங்கால் உயர பாக்ஸ்வுட் (எப்போதும் பசுமையான சிறு இலைப் புதர்) வேலிதான் கண்ணில் படும், கோலம் தெரியாது. அதனால் முதலில் மேலே ஏறுங்கள், பிறகு கீழே நடக்கலாம்.

எப்போது போவது என்பதுதான் முதல் முடிவு. ஒன்பது சதுரங்கள் கொண்ட காய்கறித் தோட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு நடவு. வசந்த நடவை ஜூனில் எடுத்துவிட்டுக் கோடை நடவு போடுகிறார்கள். ஜூன் கடைசியில் போனால் நாற்றுகளுக்கு நடுவே வெறும் மண் தெரியும். எந்த லென்ஸாலும் அதை மறைக்க முடியாது. ஆகஸ்ட் பாதிக்கு மேல் முட்டைக்கோஸ் விரிந்து, பூசணி நிறம் பிடித்து, கட்டங்கள் நிறைந்திருக்கும். பயிர் சுழற்சிக்காக நடவுதோறும் நிறங்கள் இடம் மாறும். பழைய படத்தில் பார்த்த அதே காட்சியைத் தேடி அலைய வேண்டாம்.

தோட்டத்துக்கு மட்டும் ஒரு டிக்கெட், மாளிகையும் சேர்த்து ஒன்று. இரண்டாவதை வாங்குங்கள். பழைய கோட்டைக் கோபுரத்தின் உச்சிக்கு மாளிகை வழியாகத்தான் ஏற முடியும்.

கோடையில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 2 மணி வாக்கில். ஜூனில் இரவு 10 மணிக்குத்தான் மறையும். அதற்குள் தோட்டம் மூடிவிடும். ஆக, மாலைப் பொன்வெயிலை நம்பிப் போகாதீர்கள். காலை 9 மணிக்குத் திறந்ததும் கிழக்கு மேட்டிலுள்ள காட்சி மேடைக்கு நேரே போய்விடுங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். வேலிகளின் நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒவ்வொரு வடிவத்தையும் தூக்கிக் காட்டும். கீழே தெரிவது காதல் தோட்டம்: மென்மையான காதலுக்கு இதயங்கள், தீவிரக் காதலுக்கு உடைந்த இதயங்கள், நிலையற்ற காதலுக்கு விசிறிகள், துயரக் காதலுக்குக் கத்தி முனைகள். நான்கு சதுரங்களையும் ஒரே படத்தில் அடக்க 24 மி.மீ. லென்ஸ் போதும். ஒரு சதுரத்தை மட்டும் பிரித்தெடுக்க 70 முதல் 100 மி.மீ. வேண்டும்.

கோபுரத்துக்கு 10 மணி வாக்கில் போங்கள். அதற்கு முன் மாளிகையின் நிழலே காய்கறிக் கட்டங்களின் ஓரத்தில் விழலாம். கீழ்நோக்கி எடுக்கும்போது கேமராவைச் சாய்த்தால் எதிரிலுள்ள கட்டடங்கள் கோணலாகும். கட்டடம் வேண்டுமென்றால் கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். வெளிர் நிறப் பாதைகள் வெயிலில் வெளுத்துப்போகும். லென்ஸ் துளையை எஃப்/8, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று வைத்து, வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் (கேமராவின் வெளிச்ச அலகு) குறையுங்கள். பச்சையின் இருட்டைப் பின்னால் சரிசெய்யலாம், வெளுத்த பாதையைச் சரிசெய்ய முடியாது.

பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டியின் உண்மையான பயன் இங்கே வானத்துக்கு இல்லை, இலைக்குத்தான். முட்டைக்கோஸ் இலையில் திருநீறு பூசியதுபோல் ஒரு மெழுகுப் படலம் இருக்கும்; வெயில் பட்டால் அது வெள்ளையாகப் பளபளக்கும். வடிகட்டியை மெதுவாகத் திருப்புங்கள். பளபளப்பு வடிந்து, அடியிலுள்ள நீலமும் ஊதா நரம்பும் வெளியே வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

12 முதல் 4 வரை பொதுக்காட்சி எடுப்பது வீண். மாளிகைக்குள்ளோ லிண்டன் மர நிழலிலோ இருந்துவிட்டு, 5 மணிக்குக் காய்கறித் தோட்டத்துக்குத் திரும்புங்கள். மேற்கு நோக்கிக் குந்தி உட்கார்ந்து சுவிஸ் சார்ட் கீரையைப் பாருங்கள். எதிர்வெயிலில் அதன் சிவப்புத் தண்டு, விளக்கு ஏற்றியதுபோல் உள்ளிருந்து ஒளிரும். லென்ஸுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படம் முழுக்க மங்கல் படரும். சதுரங்களில் நிற்கும் ரோஜா மரங்கள், காய்கறிப் பாத்தியைக் கொத்தும் துறவிகளைக் குறிப்பதாக மரபு. ஒன்றையாவது பின்னணியில் நிறுத்துங்கள். வேலியைத் தாண்டிக் கால் வைக்க வேண்டாம். மிதித்து ஒடிந்த பாக்ஸ்வுட் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும்.