டெலிகிராம் குழுவைத் தலைப்பு வாரியாகப் பிரிப்பது எப்படி?

எங்கள் மாடித்தோட்டக் குழுவில் ஒரு அக்கா, செம்பருத்தியில் பஞ்சு மாதிரி அப்பிக் கிடந்த மாவுப்பூச்சியைப் படமெடுத்துப் போட்டு என்ன தெளிக்கலாம் என்று கேட்டார். பதிலும் வந்தது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல். ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அந்தப் பதில் புதைந்துபோய், மறுநாள் அதே கேள்வியை மறுபடி கேட்டார். டெலிகிராமில் 2022 முதல் இருக்கும் ‘டாபிக்ஸ்’ வசதி இதற்குத்தான்.

1. முதலில் பேப்பரும் பேனாவும். கடைசி இரண்டு வாரப் பேச்சை மேலே தள்ளிப் படித்து, எதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். நான் இதைச் செய்யாமல் ஆசை ஆசையாகப் பதினோரு தலைப்பு திறந்தேன். ‘மூலிகை’ பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. எண்ணிப் பார்த்தபின் நின்றது நான்கு: பூச்சி–நோய், விதைப் பரிமாற்றம், மண்கலவை–உரம், அரட்டை. அரட்டையை விட்டுவிடாதீர்கள்; அதற்கு இடம் தராவிட்டால் மற்ற மூன்றிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2. வசதியை இயக்குங்கள். குழுவின் பெயரைத் தொட்டு, திருத்தும் பக்கத்துக்குப் போய் ‘டாபிக்ஸ்’ஐ இயக்குங்கள். பழைய பேச்செல்லாம் ‘ஜெனரல்’ என்ற தலைப்புக்குள் பத்திரமாக இருக்கும். அதை அழிக்க முடியாது; வேண்டாமென்றால் மறைத்து வைக்கலாம்.

3. தலைப்புகளைத் திறங்கள். பெயர், ஒரு சின்னம், அவ்வளவுதான். பெயர் மட்டும் உறுப்பினர்கள் வாயில் வருகிற சொல்லாக இருக்கட்டும். ‘தாவரப் பாதுகாப்பு’ என்று வைத்தால் யாருக்கும் புரியாது, ‘பூச்சி’ என்றால் எல்லோருக்கும் புரியும். ஒவ்வொன்றின் முதல் பதிவிலும் ஒரு மாதிரியைக் காட்டி, மேலே பின் செய்துவிடுங்கள். பூச்சித் தலைப்பில் நான் எழுதியது: “செடி பெயர், இலையின் அடிப்பக்கப் படம், கடைசியாக என்ன தெளித்தீர்கள்?”

4. தப்பான இடத்தில் போட்டால்? முதல் ஒரு மாதம் போடத்தான் செய்வார்கள். அதட்ட வேண்டாம். கேள்வியைச் சரியான தலைப்புக்கு ஃபார்வர்டு செய்து, பதிலையும் அங்கேயே எழுதுங்கள். பதில் கிடைக்கிற இடத்துக்கு ஆட்கள் தானாக வந்துவிடுவார்கள்.

அப்புறம், ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாக மியூட் செய்யலாம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த அக்கா முதலில் மியூட் செய்தது அரட்டையைத்தான்.