விடியற்காலைக் கண்மாயில் ஒரு பாடம்: பதின்ம வயதினருக்கு நன்னீர்ச் சூழலைக் கற்பிக்கும் வழி

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நன்னீர்ச் சூழலைக் கற்பிக்கும்போது உணவுச் சங்கிலிப் படத்தைவிட, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனிலிருந்து தொடங்குவதே நல்லது. பாசி, பூச்சி, மீன், வயல் உரம், ஊர்ச் சாக்கடை என எல்லாவற்றையும் அந்த ஒரு பொருளைக் கொண்டே பிணைத்துக் காட்டிவிடலாம். அருகில் ஒரு கண்மாயோ ஏரியோ இருந்தால் ஆய்வுக்கூடம் தேவையில்லை.

கோடையில் மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில் தெரிய வருவது ஏன் என்று முதல் நாள் கேளுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள். அடுத்து, சூரியன் எழுமுன் ஒரு முறையும் பிற்பகல் 3 மணியளவில் ஒரு முறையும் அவர்களை ஒரே கரைக்கு அழைத்துச் சென்று, நீரின் வெப்பநிலையையும் ஆக்சிஜன் அளவையும் குறிக்கச் சொல்லுங்கள். இதற்கான டெஸ்ட் கிட் மீன் வளர்ப்போருக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

பாசி மண்டிய கண்மாயில் இரண்டு அளவுகளுக்கும் பெரிய வேறுபாடு இருக்கும். பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடும் அதே பாசி, இரவு முழுவதும் மீன்களோடும் நுண்ணுயிர்களோடும் சேர்ந்து அதைச் சுவாசித்துத் தீர்ப்பதால், விடியலுக்குச் சற்று முன்பு ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடுகிறது. வெப்பமும் இதைக் கடுமையாக்குகிறது: 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும் என்றால், 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் ஏற்கும். பிற்பகலில் கிடைக்கும் உயர்ந்த அளவைக் கண்டு நீர் நலமாக இருக்கிறது என்று மாணவர்கள் எழுதக்கூடும். விடியற்கால அளவை அதனருகே வைத்துப் பார்க்கச் செய்வதுதான் இப்பாடத்தின் மையம்.

நீரின் தெளிவை அளக்க, 1865இல் இத்தாலிய அறிஞர் ஆஞ்செலோ செக்கி வெள்ளைத் தகட்டைக் கொண்டு கையாண்ட முறையின் பிற்கால வடிவமே போதும். 20 சென்டிமீட்டர் அகல வட்டத் தகட்டைக் கால்வட்டங்களாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசி, அடியில் கல் கட்டி, மதகின் படித்துறை போன்ற உறுதியான இடத்திலிருந்து கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும்.

பூச்சிகளுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் தாமாகவே குனிந்து பார்ப்பது இங்கேதான். கரையோரக் கோரைப்புல்லின் அடியில் வலையை இழுத்து, வந்ததை வெள்ளைத் தட்டில் நீரோடு ஊற்றுங்கள். வயிற்றின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களை அசைக்கும் மேஃபிளை என்னும் பூச்சியின் இளரிகள் (நீரில் வாழும் இளம் பருவம்) பெரும்பாலும் ஆக்சிஜன் நிறைந்த நீரையே நாடும். சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள், கொசுவைப் போன்ற, கடிக்காத பூச்சியினம் ஒன்றின் இளரிகள். உடலிலுள்ள ஹீமோகுளோபினால் குறைந்த ஆக்சிஜனிலும் அவை தாக்குப்பிடிக்கும். விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால், அது உயிரோடிருப்பதை மட்டும் நீரின் நலத்துக்குச் சான்றாக ஏற்க வேண்டாம். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

முழங்காலுக்கு மேல் நீரில் எவரும் இறங்கக் கூடாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால் காலில் புண் உள்ளவர்களைக் கரையில் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள்.

ஊட்டச்சத்தைப் பற்றிப் பேச வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளலாம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூர் உழவர்கள், பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும்படி கேட்டு, 1798இல் ஆட்சியர் லயோனல் பிளேஸிடமிருந்து அதற்கான உரிமையைப் பெற்றார்கள். நெல்லை வளர்க்கும் அதே சத்துகள் சாக்கடை வழியாக அளவுக்கு மீறிச் சேர்ந்தால், பாசி பெருகி இரவில் மீன்களுக்கு மூச்சுமுட்டும் என்பதை மாணவர்களே தங்கள் அளவுகளிலிருந்து விளக்கட்டும்.

தாமிரபரணிக்கு அருகில் இருப்பவர்கள், பாபநாசத்தில் பாறைகளில் மோதி இறங்கும் நீரையும் சமவெளியில் மெதுவாகச் செல்லும் நீரையும் ஒப்பிடலாம். ஓடும் நீர் காற்றோடு கலந்துகொண்டே இருப்பதால், ஆற்றின் ஆக்சிஜன் பாசியை மட்டும் நம்பியிருப்பதில்லை.

ஐப்பசியில் வரத்துக்கால் வழியே புதுநீர் வந்ததும் அதே கரையில் அதே நேரங்களில் மீண்டும் அளக்க வேண்டும். கலங்கிய நீரில் தகடு எந்த ஆழத்தில் மறையும், விடியற்கால அளவுக்கும் பிற்பகல் அளவுக்கும் உள்ள வேறுபாடு கூடுமா குறையுமா என்பதை, நீரருகே செல்வதற்கு முன்பே ஒவ்வொருவரும் காரணத்தோடு தம் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும்.