மலை உச்சி அரண்மனையில தோண்டப் போறீங்களா? இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

புதுசா தொல்லியல் ட்ரெயினிங் வந்த பிள்ளைங்க குழியில இறங்குறதப் பார்த்தேன், நான் அந்த வயசுல பண்ணின அதே தப்ப அப்படியே பண்றாங்க, மனசு கேக்கல, அதான் எழுதுறேன். தொப்பி, தண்ணி போத்தல் கதையெல்லாம் விட்டுடுறேன்.

அத்திவாரக் குழியைப் பார்க்காம தோண்டுறது

இலங்கையில இருக்கிற சிகிரியா மலையையே எடுத்துக்குங்க. உச்சியில இருக்கிறதே ஒன்றரை ஹெக்டேர் அளவு இடந்தான். எல்லாரும் காசியப்ப ராஜா அரண்மனைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க, ஆனா அவன் ஆண்டது 477லருந்து 495 வரைக்குந்தான். அவனுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே அடிவாரக் குகைகள்ல பிக்குகள் இருந்தாங்க, மழைத்தண்ணி உள்ள வழியாம பாறை நெத்தியில வெட்டுன காடி இன்னைக்கும் தெரியும். அவன் செத்த பிறகும் அது மறுபடி மடமாச்சு.

இப்படிப்பட்ட இடத்துல பின்னால வந்தவன் முன்னால இருந்தவனோட தரையை வெட்டித்தான் சுவர் எழுப்பியிருப்பான். சுவரை ஒட்டி ஒரு பட்டை மண் மட்டும் கொஞ்சம் கறுப்பா, பொலபொலன்னு இருக்கும், அதுதான் அவன் வெட்டி மூடுன அத்திவாரக் குழி. கரண்டியால சுரண்டி தண்ணி தெளிச்சாதான் கண்ணுல படும். அந்தப் பட்டையை முதல்ல தனியா எடுத்து, தனிப் பையில போடணும்.

நான் போடல. அது வேற ஒரு மலை, மழை இருட்டிட்டு வந்துச்சு, அவசரத்துல மம்பட்டியால ஒரே இழுப்பு, எல்லாம் ஒரே பையில. நீலப்பச்சை மெருகு போட்ட கட்டைவிரல் அளவு பிந்தின காலத்து ஓடு ஒண்ணு பழைய தரைக்குக் கீழ கிடைச்ச மாதிரி பதிவாகிடுச்சு. தரையோட காலமே தலைகீழாப் போச்சு, எங்க சீனியர் மூணு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டு கடைசியில அந்தக் குழியோட பை அத்தனையையும் காலக்கணக்குல இருந்து தள்ளி வெச்சாரு. தோண்டுனத திரும்பத் தோண்ட முடியாதுங்க. இன்னும் எரிச்சலா இருக்கு.

செங்கலை வெச்சு காலம் சொல்றது

பழைய செங்கலைப் பிடுங்கிப் புதுச்சுவர் கட்டுறது அப்பவும் உண்டு. அவசரப்படாதீங்க.

பேனாவுல லேபல்

பென்சில்.

கண்ணாடிச் சுவரைத் தடவிப் பார்க்கிறது

சிகிரியாவுல இருக்கிற பூச்சுச் சுவரு அது. பழைய காலத்துல பார்க்க வந்தவங்க எழுதி, தொல்லியல் அறிஞர் பரணவிதான படிச்சு 1956ல வெளியிட்ட 685 பாட்டும் அந்த மெல்லிசு சுண்ணாம்புப் பூச்சுல கீறினதுதான். உங்க விரலு படவே கூடாது.

குழியை மூடாம மலையை விட்டு இறங்குறது

பாறை மேல தண்ணி ஊற இடமில்ல, நேரா குழிக்குத்தான் வரும். ஓரத்துல வரப்பு கட்டி, தார்ப்பாய இழுத்துக் கட்டிட்டு இறங்குங்க, டீ அப்புறம்.