தொப்பூர் ஏற்றத்தில் திக்கிய கார், பிளக் எண்ணில் நான் செய்த தவறு

ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றி) பூஸ்ட், அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம், ஏற்றிய டர்போ பெட்ரோல் கார். சேலத்திலிருந்து தர்மபுரி திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் மட்டும், 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் வெட்டி வெட்டி இழுக்கும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. பங்க் மாற்றிப் பார்த்தேன், அப்புறம் பிளக்குக்கு மின்சாரம் தரும் நான்கு காயிலும் புதிது. பலனில்லை.

பூஸ்ட் ஏற்றினால் ஒரு படி கோல்டு (cold, வெப்பத்தை வேகமாக வெளியேற்றும்) ஸ்பார்க் பிளக் வேண்டும் என்று போஷ் 6-ஐக் கழற்றி 7 போட்டேன், நாக்கிங்கும் (எரிபொருள் தானாகவே வெடித்து இன்ஜின் தட்டும் சத்தம்) சேர்ந்துகொண்டது. கழற்றினால் பிளக்கின் பீங்கான் மேல் சின்னச் சின்னக் கொப்புளம், அதிகம் சூடானதன் அடையாளம். விஷயம் இதுதான்: என்ஜிகேயில் எண் கூடினால் கோல்டு, போஷில் எண் கூடினால் ஹாட் (வெப்பத்தைத் தேக்கும்)! பைக்கில் என்ஜிகே போட்ட பழக்கத்தில் நேர் எதிராக வாங்கியிருக்கிறேன்.

போஷ் 5 போட்டதும் நாக்கிங் நின்றது, திக்கல் மட்டும் போகவில்லை. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்தால் பிளக் முனைகளின் இடைவெளி 0.8 மிமீ. பூஸ்டில் சிலிண்டர் அழுத்தம் கூடுவதால் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவை; இடைவெளி குறைந்தால் அந்தத் தேவையும் குறையும். நடு முனையைத் தொடாமல், மேல் கம்பியை மட்டும் மெதுவாக வளைத்து 0.65 வைத்தேன். இரண்டு நாளாகத் தொப்பூரில் ஒரு வெட்டுகூட இல்லை, நிம்மதி.